கொயினா: இந்தப் பெயரின் பூர்வீகம் எது?

வளவுவீட்டு மருமகள் (கானாடுகாத்தான்)

என் கணவரின் பாட்டையா பர்மாவில் பெகுவுக்குப் பக்கம் கொண்டுவிற்கப் போனவர். அந்தக் கடையின் செலவேடுகள் சில இரண்டாங்கட்டு அறையில், இரும்புப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பொழுது கிடைக்கும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அரிசி, நல்லெண்ணெய், கோயில் மகமை, ஊருக்குத் தபால் என்று போகும் வரிகளுக்கு நடுவே "கொயினா" என்ற சொல் விடாமல் வருகிறது. "அடுத்தாளுக்குக் கொயினா", "பெட்டியடிப் பையன் காய்ச்சல் வகைக்குக் கொயினா" என்று மழைமாதங்களில் வரிக்கு வரி இருக்கும். பங்குனி, சித்திரைப் பக்கங்களில் தேடினாலும் கிடைக்காது.

மருந்து இன்னதென்று தெரியும். ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்து, குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்குக் கொடுக்கும் கசப்பு மாத்திரை. எனக்கு வேண்டியது பெயரின் கதை. வீட்டில் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கொழுந்தனார் ஸ்பானியம் படிக்கிறார். அந்த மொழியில் "கீனா" என்றால் ஐந்தைந்து என்று பொருளாம், ஆகவே நம் பஞ்சமூலம் போல ஐந்து சரக்கு சேர்ந்த மருந்து என்கிறார். மாமனாருக்கு ஹோமியோபதியில் நம்பிக்கை. அதே மரப்பட்டையிலிருந்து செய்யும் மருந்து அவரிடம் "சைனா" என்ற பெயரில் இருக்கிறது. எனவே சீனத்துச் சரக்கு என்று முடித்துவிட்டார். மகளோ சின்கோனா என்று ஒரு சீமாட்டி இருந்தாள், அவள் பெயர்தான் மருவியது என்கிறாள். யார் சொல்வது சரி?

---

பள்ளத்தூர் பட்டதாரி

உங்கள் மகள் சொல்வதுதான் சரி. தென்னமெரிக்காவின் பெரு என்ற நாட்டில் ஸ்பானிய அரசப் பிரதிநிதியாக இருந்தவர் சின்சோன் பிரபு. அவருடைய மனைவிக்கு 1638 வாக்கில் லிமாவில் கடுமையான காய்ச்சல் வந்தது. உள்ளூர்ப் பட்டைப் பொடியைக் கொடுத்ததும் பிழைத்துக்கொண்டார். ஊர் திரும்பும்போது அந்தப் பட்டையையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். அதனால்தான் தாவரவியலில் மரத்துக்குச் சின்கோனா என்று பெயர். பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது?

---

பட்டைக்கடை (காரைக்குடி)

ஆச்சி, மூன்று விளக்கமும் சரியில்லை. பட்டதாரித் தம்பி நான்காவதாக வந்து மூன்றாவதையே திரும்பச் சொல்லியிருக்கிறார்.

நான் நாட்டு மருந்துக்கடை வைத்திருப்பவன். மரப்பட்டை என்றால் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சீமாட்டி. அந்தக் கதையை அச்சில் ஏற்றியவர் செபாஸ்தியானோ பாதோ என்ற இத்தாலிய மருத்துவர், 1663இல். சின்சோன் பிரபு பெருவில் பதவியில் இருந்தது 1629 முதல் 1639 வரை. அவருடைய நடவடிக்கைகளைச் சுவார்தோ என்பவர் நாட்குறிப்பாக எழுதி வைத்திருக்கிறார். அதில் பிரபுவுக்குத்தான் அடிக்கடி காய்ச்சல். சீமாட்டி இந்தக் காய்ச்சலில் கிடந்ததாகவோ பட்டையைக் குடித்துப் பிழைத்ததாகவோ ஒரு வரியும் இல்லை. முதல் மனைவி ஆனா, கணவர் பெருவுக்குப் போகுமுன்பே 1625இல் ஸ்பெயினில் இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா ஊர் திரும்பும் வழியிலேயே கார்த்தஹேனா துறைமுகத்தில் 1641இல் இறந்தார். பட்டையை ஐரோப்பாவுக்கு எடுத்துப்போனது யார்? 1941இல் ஹாகிஸ் என்ற ஆய்வாளர் இந்த ஏடுகளை எல்லாம் வைத்துக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டார். கதை பொய்யென்று ஆன பிறகும் பெயர் நிற்கிறது, ஏனென்றால் செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1742இலேயே மரத்துக்கு அதைச் சூட்டிவிட்டார். அதிலும் சின்சோனின் ரோமன் எழுத்துகளில் ஒன்றை (முதல் h) விழுங்கிவிட்டுச் சூட்டினார்.

ஆனால் நீங்கள் கேட்டது சின்கோனாவை அல்ல, கொயினாவை. அது வேறு சொல், வேறு வழியாக வந்தது. இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பதுதான் முதல் குழப்பம்.

ஸ்பானியத்தில் அந்தப் பட்டைக்குப் பெயர் "கீனா". அது "கீனாகீனா" என்ற இரட்டைச் சொல்லின் பாதி. இந்த இரட்டைச் சொல் ஆந்திஸ் மலைநாட்டுக் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியருக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் "கென்கினா" என்று ஆக்கிக்கொண்டார்கள். 1820இல் பாரிஸில் பெல்லத்தியே, கவாந்து என்ற இருவர் பட்டையிலிருந்து கசப்பு உப்பைப் பிரித்தெடுத்தபோது கீனாவை வைத்தே அதற்குப் பெயரிட்டார்கள். ஆங்கிலேயன் அதைக் "குவினீன்" என்று உச்சரித்தான், நம் ஆள் கொயினா என்று ஏட்டில் எழுதினார். அதே பட்டையில் கிடைத்த இன்னொரு உப்புக்குச் சின்கோனின் என்று பெயர். ஒரு துண்டுப் பட்டையில் கெச்சுவாக்காரனின் சொல் ஒரு புட்டியிலும் சீமாட்டியின் ஊர்ப்பெயர் இன்னொரு புட்டியிலும் போய்ச் சேர்ந்தன.

கொழுந்தனார் சொல்லும் "ஐந்தைந்து" ஸ்பானியத்தில் உள்ள சொல்தான். ஆனால் அது லத்தீனிலிருந்து வந்தது. போர்ச்சுகல் கொடியில் உள்ள ஐந்து சிறு கேடயங்களைக் குறிக்கவும் வழங்கும். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று, உறவு எதுவும் கிடையாது. நம் "மா" மரமாகவும் நிற்கிறது, விலங்காகவும் ஓடுகிறது. அதுபோல வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமனாரின் "சைனா" விஷயம் இன்னும் வேடிக்கை. இத்தாலியர் "கீனா" என்ற ஒலியைத் தங்கள் முறைப்படி எழுதினால், ஆங்கிலத்தில் சீன தேசத்தின் பெயரை எழுதும் அதே எழுத்துகள்தான் வரும். மருந்து நூல்களில் அந்த எழுத்தமைப்பே நிலைத்தது. ஹானிமன் 1790இல் இந்தப் பட்டையைத் தானே தின்று பார்த்துத்தான் தம் மருத்துவ முறையைத் தொடங்கினார். ஆகவே ஹோமியோபதியில் இதற்கு மூத்த பிள்ளை மரியாதை. சீசாவில் அச்சடித்த எழுத்தை நாம் ஆங்கிலமாக வாசித்துச் "சைனா" என்கிறோம். இந்த மரத்தின் தாயகம் சீனம் அல்ல.

இனிக் கடைக்காரன் சொல்ல வேண்டியது. கீனாகீனா என்பது முதலில் இந்த மரத்தின் பெயரே அல்ல.

தென்னமெரிக்காவில் பெரு பால்சம் என்று ஒரு பிசின் மரம் இருக்கிறது. அவரை, புளி எல்லாம் சேர்ந்த குடும்பம். நல்ல வாசனை. அதன் காயும் பட்டையும் புகை போடவும் மருந்துக்கும் ஆகும், காய்ச்சலுக்கும் கொடுத்தார்கள். கீனாகீனா என்று சொல்லப்பட்டது அதுதான். அதன் பட்டை ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பிறகு தெற்கு எக்குவடோரில் லோஹா மலைப்பக்கத்து மரம் ஒன்றின் பட்டை, விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சலைச் சட்டென்று நிறுத்துகிறது என்று தெரிந்ததும் சந்தையில் அந்தப் பட்டையும் சேர்ந்தது. வாங்குகிறவன் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பெயர் கீனாகீனா. அதே பெயரில் இதையும் விற்றார்கள். சில காலத்தில் பழைய சரக்கு ஒதுங்கிவிட்டது, பெயர் மட்டும் புதிய சரக்கின் மேல் உட்கார்ந்துகொண்டது. லோஹாவுக்கு 1737இல் நேரில் போய் மரத்தைப் பார்த்த பிரெஞ்சு அறிவியலாளர் லா கொந்தமீன் இந்த இடமாற்றத்தை அப்போதே கவனித்து எழுதியிருக்கிறார். பொலிவியாவில் இன்றும் கீனாகீனா என்று கேட்டால் பால்சம் மரத்தைத்தான் காட்டுவார்கள்.

இது எப்படி நடக்கும் என்று படித்தவர்கள் வியக்கலாம். எனக்கு வியப்பில்லை. பட்டை என்பது கடைக்கு இலையோடு வராது, பூவோடு வராது. கோணியில் கட்டி வரும், மேலே ஒரு பெயர் எழுதியிருக்கும். மருதம்பட்டை என்றால் வெளிப்பக்கம் சாம்பல், உள்ளே செம்மை, பழகினவன் கண்டுபிடிப்பான். பொடியாக்கிவிட்டால் அவனும் திணறுவான். அசோகப்பட்டை கேட்டு வருகிறவர்களுக்கு எத்தனையோ இடங்களில் நெட்டிலிங்கப் பட்டையைக் கட்டிக் கொடுக்கிறார்கள். அது இன்றைக்கும் நடக்கும் கலப்படம். நெட்டிலிங்கத்தையே அசோக மரம் என்று சொல்லிப் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறோம். இன்னும் ஐம்பது வருடம் போனால் உண்மையான அசோகுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும். ஆக, கீனா என்பது தாவரம் அறிந்தவன் வைத்த பெயர் இல்லை, சரக்கு விற்றவன் வைத்த பெயர். மரம் மாறினாலும் கோணி மாறவில்லை.

---

சோலையார் எஸ்டேட்

தேவகோட்டையில் பிறந்து வால்பாறையில் வேலை பார்ப்பவன். இங்கே ஓர் ஊருக்கே சின்கோனா என்று பெயர். அரசாங்கம் இந்த மரத்தை வளர்த்த இடம். இப்போது எல்லாம் தேயிலை. புதிதாக வருகிறவர்கள் சின்கோனாவை ஏதோ மலைச்சாதிப் பெயர் என்று நினைக்கிறார்கள்.

நீலகிரியில் இதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. கிளெமன்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து செடிகளை எடுத்து வந்தது 1860இல். அவற்றில் பெரும்பாலானவை பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் எக்குவடோரிலிருந்து அனுப்பிய சிவப்புப் பட்டை விதைகள்தான் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நன்றாக வந்தன. நடுவட்டத்தில் கொயினா ஆலையும் இருந்தது. அண்ணனின் பதிவைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. நடுவட்டத்துத் தோட்டத்தில் வேலை செய்ய மலாக்கா, பினாங்குப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். அவர்களை அடைத்த சிறைக்கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆச்சியின் மாமனாரிடம் சொல்லுங்கள், சீனத்தொடர்பு பெயரில் இல்லாவிட்டாலும் மண்வெட்டியில் இருந்தது.

பர்மாக் கணக்குக்கு ஒரு கூடுதல் தகவல். 1890களில் வங்காளத்தில் தொடங்கிப் பிறகு மற்ற மாகாணங்களிலும் தபால் நிலையத்திலேயே கொயினாப் பொட்டலம் விற்றார்கள், ஒரு காசு விலைக்கு. 1930களில் உலகத்துக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனையும் பிடித்தார்கள், ஜாவாவையும் பிடித்தார்கள். நம்மவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்த அந்த மாதங்களில் காய்ச்சல் இருந்தது, மருந்துக்கு வழியில்லை. எங்கள் ஐயா அப்படி நடந்து வந்தவர். அந்த ஏடுகளில் 1942 பக்கம் இருக்கிறதா?

---

வளவுவீட்டு மருமகள்

இல்லை. ஏடு 1941 ஐப்பசியோடு நின்றுவிடுகிறது.

அண்ணன், உங்கள் பதிவை மாமனாரிடம் வாசித்துக் காட்டினேன். "சீசாவில் அப்படித்தானே போட்டிருக்கிறது" என்று மட்டும் சொன்னார். எனக்கு இன்னும் சந்தேகங்கள். ஒன்று: கீனா என்றால் கெச்சுவாவில் பட்டை என்றுதான் பொருளா? இரட்டித்துச் சொன்னால் "பட்டைகளுக்கெல்லாம் பட்டை" என்று உயர்வாகச் சொல்வதாக ஒரு கட்டுரையில் படித்தேன். இரண்டு: அந்த லோஹா மலையில் இருந்தவர்கள் தங்கள் மரத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? இன்னொன்று, காரைக்குடியில் இப்போது கினோவா என்று ஒரு தானியம் விற்கிறார்கள், உப்புமா செய்யலாமாம். அதுவும் இந்தக் கீனாவின் உறவா?

---

பள்ளத்தூர் பட்டதாரி

சீமாட்டி கதை பொய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் தாவரவியலாளர்கள் ஏன் பெயரை மாற்றவில்லை? அத்தனை பேரும் விவரம் தெரியாதவர்களா?

---

பட்டைக்கடை (காரைக்குடி)

தம்பி, தாவரவியலில் பெயருக்கு உரிமை முதலில் முறையாக அச்சிட்டவனுக்கு. காரணம் பொய்யாக இருந்தாலும் பெயர் செல்லும். சோலையார் தம்பி சொன்ன அதே மார்க்கம், விழுங்கிய எழுத்தையாவது திருப்பிச் சேர்க்க வேண்டும் என்று 1874இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரும் சீமாட்டி கதையை நம்பியவர், அதனால்தான் அத்தனை ஆத்திரம். யாரும் கேட்கவில்லை.

ஆச்சி, உங்கள் முதல் கேள்விதான் இதில் சுவையானது. கீனா என்றால் பட்டை என்று நூற்றுக்கணக்கான இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் கெச்சுவாவில் தோலுக்கும் மரப்பட்டைக்கும் வழங்கும் சொல் "கரா". கீனாவுக்குப் பட்டை என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் மறுபடியும் லா கொந்தமீனிடம் போய் நிற்கிறது. அவர் ஒரு பழைய கெச்சுவா அகராதியைப் புரட்டினார். அதில் "கீனாய்" என்பது போன்ற ஒரு சொல்லுக்கு, அந்நாட்டுப் பெண்கள் போட்டுக்கொள்ளும் சிறு மேலாடை என்று பொருள் போட்டிருந்தது. மேலாடை என்றால் போர்வை, மரத்துக்குப் போர்வை பட்டைதானே என்று அவர் ஊகித்தார். அழகான ஊகம். பின்னால் வந்தவர்கள் ஊகத்தைக் கழற்றிவிட்டுப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சொல்லின் ஊர் ஆந்திஸ் என்பதில் எனக்குத் தகராறு இல்லை. "பட்டை" என்ற பொருளை மட்டும் எடை குறைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரட்டிப்பைப் பற்றிச் சொன்னதும் நம் காதுக்கு ஏற்றாற்போல் யாரோ செய்த உயர்வு நவிற்சி. கெச்சுவாவில் பெயர்ச்சொல்லை இரட்டித்தால் பெரும்பாலும் "அது நிறைந்தது" என்று பொருள் வரும். "ரூமி" கல், "ரூமி ரூமி" கல் நிறைந்த இடம். "சச்சா" மரம், "சச்சா சச்சா" காடு. பட்டைகளின் அரசன் என்ற மகுடத்துக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.

லோஹாவில் என்ன சொன்னார்கள்? அங்கிருந்த ஸ்பானியர் "கஸ்கரீயா" என்றார்கள், சின்னப் பட்டை என்று அர்த்தம். கலாஞ்சா என்ற துறவி 1638இல் வெளிவந்த தம் நூலில் அதைக் காய்ச்சல் மரம் என்று எழுதுகிறார். இலவங்கப்பட்டை நிறத்தில் பட்டை, அதைப் பொடித்து இரண்டு சிறு வெள்ளிக்காசு எடைக்குப் பானத்தில் கொடுத்தால் முறைக்காய்ச்சல் போய்விடும் என்கிறார். கீனா என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை, கவனியுங்கள். கெச்சுவாக்காரர்களிடம் குளிர்காய்ச்சலுக்குச் "சுக்சு" என்று பெயர். பல் கிட்டித்து உடம்பு தூக்கிப் போடுவது அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. பெருவில் பவுகார்தம்போ என்ற ஊரில் ஜூலை மாதத் திருவிழாவில் சுக்சு என்றே ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். காட்டுத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர்களாக வேடம் போட்டு நடுங்கிக்கொண்டே ஆடுவார்கள். பெரிய ஊசியோடு ஒருவன் துரத்துவான். உங்கள் ஏட்டில் வரும் பெட்டியடிப் பையனுக்கு அந்த ஆட்டம் விளக்கமில்லாமல் புரிந்திருக்கும்.

கினோவா உறவில்லை. அதுவும் கெச்சுவாச் சொல்தான், ஆனால் "கின்வா" என்ற தனிச்சொல். செடியும் வேறு, நம் சக்கரவர்த்திக் கீரைக்குப் பங்காளி. உப்புமா செய்வதானால் அரிசியைக் களைவதைவிட அதிக நேரம் களைய வேண்டும், மேல்தோலில் கசப்பும் நுரையும் இருக்கும். கசக்கிறதே என்று கொயினாவோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள்.

உண்மையான உறவு வேண்டுமானால் மருந்துக்கடைக்குப் போங்கள். குளோரோகுவின், கொரோனா காலத்தில் ஊரே பேசிய ஹைட்ராக்சிகுளோரோகுவின் இவற்றின் வாலில் இருக்கும் "குவின்" கீனாதான். மாத்திரையில் மரம் இல்லை, ஆலையில் செய்வது. பெயரின் வால் மட்டும் இன்னும் ஆந்திஸில் இருக்கிறது.

கொழுந்தனாருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஸ்பெயினில் பிடிக்காத காரியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போவதைக் "கீனா விழுங்குவது" என்பார்கள். சுபாவம் கெட்டவனைக் "கீனாவைவிட மோசம்" என்பார்கள். அடுத்த வகுப்பில் தம் ஆசிரியரிடம் இரண்டையும் சொல்லிப் பார்க்கட்டும். ஐந்தைந்து என்று அவர் விளக்கம் சொல்கிறாரா, முகத்தைச் சுளிக்கிறாரா என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

---

வளவுவீட்டு மருமகள்

சொல்லிவிட்டேன் அண்ணன். வகுப்பு வியாழக்கிழமை. சோலையார் தம்பி, 1941 ஐப்பசிப் பக்கத்தைப் படமெடுத்து இன்று இரவு இங்கே போடுகிறேன். அதில் ஓர் இடத்தில் எழுத்து அழிந்திருக்கிறது, "கொயினா ரா" என்பது வரை படிக்க முடிகிறது. எடையா, விலையா என்று உங்கள் ஐயா எழுத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியலாம்.